கட்டடத்துக்குள் ரோந்து சுற்றும் ரோபோ

பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கிறதா, ஆளில்லாத தளத்தில் நடமாட்டம் தெரிகிறதா, எங்கேனும் புகையோ நீர்க்கசிவோ உண்டா என்று இரவெல்லாம் சுற்றிப் பார்த்துத் தகவல் சொல்வதே உள்ளகக் காவல் ரோபோவின் வேலை. திருடனைத் துரத்திப் பிடிக்கும் திறன் அதற்குக் கிடையாது.

இந்த வகையின் முன்னோடி 'ரோபார்ட்-1'. அமெரிக்கக் கடற்படை அதிகாரி பார்ட் எவரெட், கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை உயர்கல்வி நிறுவனத்தில் படித்தபோது 1980களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். தீ, புகை, வெள்ளம், அத்துமீறி நுழைபவர் ஆகியவற்றை அது உணர்ந்தது. பேட்டரி இறங்கினால் சார்ஜ் நிலையத்தைத் தானே தேடிப் போனது. ஆனால் கட்டடத்தில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

பின்னர் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் குறையைத் தீர்ப்பதற்கே செலவானது. கூரைக்கடியில் ஜிபிஎஸ் சரிவர எட்டாது. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித் தொலைவைக் கணக்கிடலாம். ஆனால் சிறு வழுக்கலும் பிழையாகச் சேர்ந்துகொண்டே போகும். எனவே முதல் நாள் ஒருவர் ரோபோவைக் கட்டடம் முழுவதும் ஓட்டிக் காட்டுகிறார். லைடார் கருவி சுற்றிலும் லேசர் கதிர்களை வீசி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு சுவர்களின் தொலைவை அளந்து வரைபடம் தீட்டுகிறது. பிறகு ஒவ்வொரு கணமும் புதிய அளவுகளை அந்த வரைபடத்தோடு பொருத்தி, ரோபோ தன் இடத்தை அறிகிறது. லேசர் தன் ஒளியைத் தானே கொண்டுவருவதால் இருட்டு ஒரு பொருட்டே அல்ல. தொல்லை தருவது கண்ணாடிச் சுவர்தான்: கதிர் ஊடுருவிப் போய்விட, அங்கே வழி திறந்திருப்பதாக ரோபோ நம்பிவிடும். அதைத் தடுக்க மீயொலி சென்சார்கள் துணைக்கு வருகின்றன. இருபுறமும் ஒரே மாதிரி நீளும் நடைபாதையும் ரோபோவைக் குழப்பும்.

ஆட்களைக் கண்டறிய வெப்பக் கேமரா உதவுகிறது. ஆனால் வந்திருப்பவர் துப்புரவுப் பணியாளரா, அந்நியரா என்று முடிவு செய்வது பெரும்பாலும் மனிதரே. 2016இல் தொடங்கப்பட்ட கோபால்ட் நிறுவனத்தின் ரோபோ, தொலைவிலுள்ள காவலரைத் தன் திரையில் தோன்றச் செய்து எதிரே நிற்பவரோடு பேசவைக்கும்.

தளம் மாற வேண்டுமானால் லிஃப்டின் கட்டுப்பாட்டோடு ரோபோவை இணைக்க வேண்டும். சக்கரத்தில் ஓடும் ரோபோவால் படியேற முடியாது. நியூயார்க் காவல்துறை 2023 செப்டம்பரில் டைம்ஸ் சதுக்கச் சுரங்க ரயில் நிலையத்தில் இறக்கிய 'கே-5' என்ற காவல் ரோபோவும் படி இறங்கி நடைமேடைக்குப் போக இயலாமல் மேல்தளத்திலேயே சுற்றியது. துணைக்கு ஒரு காவலரும் கூடவே நடந்தார். சில மாதங்களில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.