விலை கூடிய பெட்ரோல் போட்டால் கார் பறக்குமா?

அமெரிக்காவில் பெட்ரோல் போடும் இடத்தில், குழாய்க்குப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கும்.

முதல் பொத்தானில் 87 என்று போட்டிருக்கும். நடுவில் பெரும்பாலும் 89. மூன்றாவதில் 91 அல்லது 93.

87 என்பது சாதா பெட்ரோல். விலை குறைவு. 93 உயர் ரகம். விலை அதிகம்.

கார்க்காரர் இறங்குகிறார். அங்கே பெரும்பாலான ஊர்களில் பெட்ரோல் ஊற்ற ஆள் கிடையாது. அவரவரே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். பொத்தான் அருகே விரலைக் கொண்டுபோனவர் அப்படியே நின்று யோசிக்கிறார்.

அவருடைய கார் லேசுப்பட்டது அல்ல. காலால் ஒரு மிதி மிதித்தால் சீறிக்கொண்டு பாயும் வேகக் கார். ஆசை ஆசையாக வாங்கியது.

"இந்தக் காருக்குப் போய் மட்ட பெட்ரோலா?" என்று மனம் கேட்கிறது.

"வாரா வாரம் இத்தனை டாலர் கூடுதலாகக் கொடுத்தால் என் கதி என்ன?" என்று சட்டைப் பை கேட்கிறது.

யார் பேச்சைக் கேட்பது?

பொறுமைக்குத்தான் விலை

உயர் ரக பெட்ரோலில் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு லிட்டர் சாதா பெட்ரோலை எரித்தாலும், ஒரு லிட்டர் உயர் ரகத்தை எரித்தாலும் கிடைக்கிற வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு எதற்குக் கூடுதல் விலை?

பொறுமைக்கு!

உயர் ரக பெட்ரோலுக்குப் பொறுமை அதிகம். போட்டு நசுக்கினாலும், நெருப்பு வந்து சேரும் வரை அது தானாகப் பற்றிக்கொள்ளாது. சாதா பெட்ரோல் சீக்கிரம் பொறுமை இழந்துவிடும்.

சைக்கிளுக்குக் காற்று அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை நசுக்கினால் அது சூடாகிறது.

கார் என்ஜினுக்கு உள்ளேயும் இதுதான் நடக்கிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நசுக்குகிறது. கலவை சூடேறுகிறது. தக்க சமயத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டிவிடுகிறது. வைக்கோலில் பிடித்த தீ ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் போவது போல, அந்தத் தீ பரவுகிறது. பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கார் ஓடுகிறது.

எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கி நசுக்குகிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு நல்ல தள்ளு கிடைக்கும். ஆகவே வேகக் கார்களின் என்ஜினில் நசுக்குவது பலமாக இருக்கும். சில கார்களில் 'டர்போ' என்ற சிறு காற்றாடி உண்டு. வெளியே போகிற புகையின் வேகத்தில் அது சுழன்று, இன்னும் அதிகமான காற்றை உள்ளே திணிக்கும்.

இங்கேதான் வருகிறது வினை!

அளவுக்கு மீறி நசுக்கினால் என்ன ஆகும்? தீ வந்து சேருவதற்கு முன்பே, மூலையில் கிடக்கிற மிச்சக் கலவை தானாகவே ஒரே அடியாக வெடித்துவிடும். சரவெடி ஒவ்வொன்றாக வெடிக்காமல் மொத்தமாக வெடித்தால் எப்படி? அப்படித்தான்.

அப்போது என்ஜினில் இருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வரும். சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போல இருக்கும். "நாக் அடிக்கிறது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகிப் போகும்.

சிவப்பு இலை தந்த யோசனை

இந்தச் சத்தத்தை ஒழிக்க ஒருவர் 5 ஆண்டுகள் பாடுபட்டார். பெயர் தாமஸ் மிட்ஜ்லி. இடம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரம்.

மிட்ஜ்லியின் முதலாளி சார்லஸ் கெட்டரிங். காரைக் கிளப்ப முன்பெல்லாம் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்த்த மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் இந்தக் கெட்டரிங். 1912-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது.

1916-ம் ஆண்டில் மிட்ஜ்லி அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரப் படிப்புப் படித்தவர். ரசாயனம் அவர் துறை அல்ல.

குளிர் விலகுவதற்கு முன்பே பூக்கும் ஒரு காட்டுச் செடி அங்கே உண்டு. அதன் இலையின் அடிப்பக்கம் சிவப்பு. "சிவப்பாக இருப்பதால் வெயிலை நன்றாக இழுத்துக்கொள்கிறது போலும். பெட்ரோலையும் சிவப்பாக்கினால் சீக்கிரம் சூடாகி ஆவியாகும், சத்தம் நிற்கும்" என்று இருவரும் நினைத்தார்கள்.

மிட்ஜ்லி சிவப்புச் சாயம் தேடிப் போனார். எண்ணெயில் கரையும் சாயம் கிடைக்கவில்லை. அயோடின்தான் கிடைத்தது. அதைக் கலந்தார். பெட்ரோல் சிவந்தது. என்ஜினை ஓட்டினார்.

சத்தம் நின்றுவிட்டது!

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு சிவப்புச் சாயங்களை எல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. நிறத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை! அயோடினுக்குத்தான் அந்தக் குணம். தப்பான யோசனை சரியான வழியைக் காட்டியிருக்கிறது.

ஆனால் அயோடின் விலை அதிகம். உலோகத்தையும் அரித்தது. வேறு பொருள்களைத் தேடினார். தெலூரியம் என்ற பொருளைச் சோதித்தபோது பூண்டு நாற்றம் உடம்பில் ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை.

1921-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, காரீயம் கலந்த ஒரு திரவத்தை ஊற்றினார். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். அதற்கும் குறைவே போதும். சத்தம் அடங்கியது.

பந்தயத்தில் வெற்றி

1923-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் டேட்டனில் இந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. சாதா பெட்ரோலை விடச் சில சென்ட் விலை கூடுதல். 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். காரீயம் என்ற சொல் பெயரில் வரவில்லை! அடையாளத்துக்காகச் சிவப்புச் சாயம் கலந்து விற்றார்கள் என்பது ஒரு வேடிக்கை.

அதே ஆண்டு மே மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் 500 மைல் கார்ப் பந்தயம் நடந்தது. முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் எத்தில் போட்டு ஓடியவை. எத்தில் பெயர் நாடெங்கும் பரவியது.

ஆனால் காரீயம் விஷம். மிட்ஜ்லிக்கே அந்த விஷம் ஏறி, 1923-ல் ஓய்வு எடுக்கப் போகவேண்டி வந்தது.

1924-ம் ஆண்டு அக்டோபரில் பெரிய கொடுமை நடந்தது. நியூ ஜெர்சி மாநிலம் பேவே என்ற இடத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஆலை இருந்தது. அங்கே இந்தத் திரவத்தோடு வேலை செய்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. 5 பேர் இறந்துபோனார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த மாதம் 30-ந் தேதி பத்திரிகை நிருபர்களைக் கூட்டினார் மிட்ஜ்லி. அவர்கள் கண் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார். மூக்கருகே பிடித்து முகர்ந்தும் காட்டினார். "ஆபத்து இல்லை" என்பது அவர் கட்சி. தாமே அந்த விஷத்தால் படுத்து எழுந்தவர் இப்படிச் செய்தார்!

1925-ல் விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். மறு ஆண்டே மீண்டும் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் பல பத்து ஆண்டுகள் உலகம் முழுவதும் கார்ப் புகையோடு காரீயமும் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுத்தது. அமெரிக்காவில் சாலைக் கார்களுக்கு 1996-ல் முழுத் தடை வந்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. ஆண்டு 2021.

இப்போது காரீயம் இல்லாமலே பொறுமையான பெட்ரோல் கிடைக்கிறது. கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஆலையிலேயே பெட்ரோலின் அமைப்பை மாற்றுகிறார்கள். எத்தனால் என்ற சாராயத்தையும் சேர்க்கிறார்கள். அதிகப்படி வேலை என்பதால் விலையும் கூடுகிறது.

87 என்றால் என்ன?

பொறுமையை அளக்க ஒரு படி வேண்டும் அல்லவா? 1926-27-ல் கிரஹாம் எட்கர் என்ற ரசாயன விஞ்ஞானி அதைக் கொடுத்தார்.

மிகப் பொறுமையான ஒரு திரவத்துக்கு 100 மார்க். அதன் பெயர் ஐசோ ஆக்டேன். உடனே சத்தம் போடும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 மார்க். முதலில் சொன்னதில் 87 பங்கும், இரண்டாவதில் 13 பங்கும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோலுக்கு 87 மார்க். இதைத்தான் 'ஆக்டேன் எண்' என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி அளப்பதில்லை. அமெரிக்காவில் இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். அங்கே 87 என்பது வேறு பல நாடுகளின் கணக்கில் 91, 92 ஆகும்.

ஒரே பெயர், இரண்டு கார்

முன்பு மட்ட பெட்ரோல் போட்டால் சத்தம் காதில் விழும். இப்போது பெரும்பாலும் விழாது. என்ஜினுக்கே காது வைத்துவிட்டார்கள்!

என்ஜினின் உடம்பில் சிறு கருவி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நாக் அடிக்கிற அதிர்ச்சியை அது கண்டுபிடிக்கும். உடனே கம்ப்யூட்டர், பொறி தட்டும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப் போடும். டர்போ திணிக்கும் காற்றையும் குறைக்கும். சத்தம் வராது. என்ஜினும் தப்பிக்கும். ஆனால் சக்தி குறைந்துபோகும்.

எவ்வளவு குறையும்?

ஜப்பானின் மாஸ்டா கம்பெனி இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. 2021-ம் ஆண்டின் 'மாஸ்டா 3' டர்போ கார், 93 பெட்ரோல் போட்டால் 250 குதிரை சக்தி தரும். 87 போட்டால் 227 தான். அதாவது 23 குதிரைகள் லாயத்திலேயே நின்றுவிடும்! ஆனால் 87 போடலாம், கெடுதல் இல்லை என்றும் கம்பெனியே சொல்கிறது.

அந்த 23 குதிரைகளும் எப்போதும் தேவைப்படுவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போதோ, காய்கறி வாங்கப் போகும்போதோ அவை இல்லாதது தெரியாது. பெரிய சாலையில் லாரியை முந்துவதற்கு முழுக்க மிதிக்கும்போதுதான் தெரியும்.

டர்போ இல்லாத மாஸ்டா 3 காரும் உண்டு. 2016-ல் அமெரிக்க மோட்டார் சங்கமான 'டிரிபிள் ஏ' அதைச் சோதனை செய்தது. சாதா பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கார் அது. உயர் ரகம் ஊற்றிப் பார்த்தார்கள். சொல்லும்படியாகச் சக்தி கூடவில்லை. மைலேஜும் கூடவில்லை. புகையும் குறையவில்லை.

ஒரே பெயர் கொண்ட கார்தான். ஒன்றுக்கு உயர் ரகம் பலன் தருகிறது. மற்றொன்றுக்கு வீண். கேட்கிற என்ஜினுக்குக் கொடுத்தால்தான் பலன்.

இது தெரியாமல் ஒரே ஆண்டில் 1 கோடியே 65 லட்சம் அமெரிக்கர்கள், தேவை இல்லாத கார்களுக்கு உயர் ரகம் ஊற்றினார்கள். அதனால் 210 கோடி டாலர் வீணாயிற்று என்று அந்தச் சங்கம் கணக்குச் சொன்னது. காருக்கு விருந்து வைப்பதாக அவர்கள் நினைப்பு! உயர் ரகம் என்ஜினைக் கழுவிச் சுத்தமாக்கும் என்பதும் பலருடைய நம்பிக்கை. அங்கே 1995 முதல் எல்லா ரக பெட்ரோலிலும் சுத்தப்படுத்தும் மருந்து கலக்க வேண்டும் என்பது சட்டம்.

கணக்குப் பார்த்தால்...

சரி, நமது வேகக் கார்க்காரருக்கு வருவோம். அவர் காரோடு வந்த புத்தகத்தில் இந்த விஷயம் இருக்கிறது. பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் பெரும்பாலும் எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது ஒரே ஒரு சொல்தான்.

"உயர் ரகம் கட்டாயம்" என்று இருந்தால் வாதம் வேண்டாம். அதைத்தான் போட வேண்டும். மட்டத்தை ஊற்றி என்ஜின் கெட்டால், செலவைக் கம்பெனி ஏற்க மறுக்கலாம்.

"உயர் ரகம் நல்லது" என்று சிபாரிசாக மட்டும் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2017-ல் டிரிபிள் ஏ சங்கம் அத்தகைய கார்களைச் சோதித்தது. உயர் ரகம் போட்டபோது சராசரியாக மைலேஜ் நூற்றுக்கு 2.7 கூடியது. சக்தி நூற்றுக்கு 1.4 கூடியது. விலையோ நூற்றுக்கு 20 முதல் 25 வரை கூடுதல்! மைலேஜில் மிச்சம் பிடித்துக் கூடுதல் விலையை ஈடுகட்ட முடியாது.

காலனுக்கு 80 சென்ட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 12 காலன் போடுகிறவருக்கு வாரத்துக்கு 9 டாலர் 60 சென்ட் கூடுதல் செலவு. ஆண்டுக்கு ஏறக்குறைய 500 டாலர். அந்தச் சீறலுக்காகவே கார் வாங்கியவர், 500 டாலர் பெரிதல்ல என்று சொன்னால் அது அவர் இஷ்டம். வீட்டுச் செலவை எண்ணிச் செய்கிறவர் 87 பொத்தானை அழுத்தலாம்.

கட்டாயக் காருக்கு ஒரு நாள் தெரியாமல் சாதா பெட்ரோலை ஊற்றிவிட்டால்? பதற வேண்டாம். டாங்கி காலியாகும் வரை முழுக்க மிதிக்காமல் ஓட்ட வேண்டும். கடும் வெயிலில் பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறக்கூடாது. பாதி டாங்கி தீர்ந்ததும் 93-ஐ ஊற்றி நிரப்பிவிட்டால், இரண்டும் கலந்து 90 ஆகிவிடும்.