கடல் கடந்து நிலைத்த சாட்சியம்

ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குள் கர்னல் பெய்லி நிலவறை உள்ளது. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் மைசூர்ப் படையிடம் சிக்கிய ஆங்கிலேயத் தளபதி பெய்லி, 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்காவலிலேயே இறந்தார். 1799-இல் கோட்டையைக் கைப்பற்றியது அவரது தரப்பு. ஆகவே அக்கைதிகளின் துயரம் நூலேறி நிலைத்தது. நிலவறை இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அதே மாநிலத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில் பெங்களூர் மத்திய சிறையில் அடைபட்டோருக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே ஆகியோர் அங்குதான் வைக்கப்பட்டனர். 1976 மே மாதம் கைதான நடிகை சினேகலதா ரெட்டி, சிறையில் ஆஸ்துமா முற்றி, 1977 ஜனவரியில் பரோலில் வெளிவந்த சில நாள்களிலேயே காலமானார்.

அப்போது தணிக்கையின் பிடியில் இருந்த இந்தியப் பத்திரிகைகள் எழுத இயலாததை அமெரிக்காவிலிருந்த இந்திய மாணவர்களும் இளைஞர்களும் எழுதினர். 1975-இல் அவர்கள் தொடங்கிய 'ஜனநாயகத்துக்கான இந்தியர்கள்' அமைப்பு 'இந்தியன் ஒப்பீனியன்' என்ற இதழை நடத்தியது. பெயர், 1903-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தொடங்கிய இதழுடையது; அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஆனந்த் குமார், கர்நாடகத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.ஆர். ஹிரேமத், ரவி சோப்ரா முதலியோர் அமைப்பின் தூண்களாக இருந்தனர். ஆனந்த் குமாரின் அரசு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கையில் ஆயுதமில்லாத ஒரு மாணவரிடம் அரசு இவ்வளவு அஞ்சியது வியப்புக்குரியதே.

1977 தேர்தலில் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு மே மாதம் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சிறைப்பட்டதை அது பதிவு செய்தது. 1978-இல் மூன்று பகுதிகளாக அறிக்கை அளித்தது. சென்னை மத்திய சிறையில் நடந்த கொடுமைகளைத் தனியே விசாரித்தது நீதிபதி இஸ்மாயில் கமிஷன். ஆனால் ஷா கமிஷன் முன் வந்த இந்திரா காந்தி, சத்தியப் பிரமாணம் செய்து சாட்சியமளிக்க மறுத்துவிட்டார். சிறப்பு நீதிமன்றச் சட்டம் 1979-இல்தான் வந்தது. 1980 ஜனவரியில் அவரே மீண்டும் பிரதமரானார். வழக்குகள் முடங்கின, அறிக்கையின் பிரதிகள் திரும்பப் பெறப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது.

ஜனதா அரசின் தவறு தாமதம் மட்டுமன்று. விசாரணையில் வெளிவந்தவற்றை ஆட்சியாளர் எவரும் அகற்ற முடியாத இடங்களில், மக்கள் மொழிகளில் பரப்பாமல் விட்டதும் தவறே. குற்றம் சாட்டப்பட்டவர்களே திரும்பிவந்தபோது, பெய்லியின் தரப்புக்குக் கிடைத்த கோட்டைச் சாவி இவர்கள் கையில் இல்லை.

அறிக்கையின் ஒரு பிரதி ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. மற்றொன்று தமிழக நாடாளுமன்றவாதி இரா. செழியனிடம் இருந்தது. 2010-இல் அதை அவர் மறுபதிப்பாக வெளியிட்டார். நெருக்கடி நிலை முடிந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.