அடகுச் சீட்டும் ஆள் துண்டும்

ஈடு, அடைமானம், அடகு எனத் தமிழில் சொற்கள் பல உள. அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டெனினும், அனைத்துக்கும் உயிராய் நிற்பது மீட்சி என்னும் கருத்தே. மீட்கலாம் என்ற நம்பிக்கை உள்ளவரையே அது அடகு. அந்நம்பிக்கை அற்றால் அது பறிகொடுத்தலேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாட்டுத் தொழில் நகரங்களில், மூன்று பொற்குண்டுகள் தொங்கும் அடகுக் கடையை அறியாத ஏழை இலன். ஞாயிறன்று உடுத்த நல்லாடையைத் திங்களன்று அடகு வைத்து, சனியன்று கூலி பெற்று மீட்பது பலருக்கு வாரந்தோறும் வழக்கமாயிருந்தது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1836இல் வெளிவந்த தம் முதல் நூலிலேயே அக்கடைக்கென ஒரு கட்டுரை ஒதுக்கினார். முலாம் பூசிய மோதிரத்தைப் பொன்னென்று வைத்த எத்தரும் ஆங்கிருந்தனர். தைத்துத் தரும்படி பெற்ற பிறர் துணியைப் பசியினால் அடகு வைத்த பெண்டிரும் இருந்தனர். எனினும் 1872ஆம் ஆண்டுச் சட்டம் சிறு கடன்களுக்கு வட்டியை வரையறுத்தது. சீட்டுக் கொடுக்கப் பணித்தது. மீட்பதற்கு ஓராண்டும் ஏழு நாளும் தவணை வகுத்தது.

தம் நாட்டு ஏழையின் மேலங்கிக்கு இத்துணைக் காவல் செய்த ஆங்கிலேயர், அதே காலத்தில் நம் மலைநாட்டில் நடத்தியது யாது? யான் ஆசிரியப் பணி புரியும் பூண்டுலோயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலும், ஏனைய தோட்டங்களிலும் வழங்கிய 'துண்டு' என்னும் முறையே அதற்கு விடை கூறும்.

தமிழகத்துச் சிற்றூரிலிருந்து புறப்பட்டவனின் வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கேட்டில் கடனாக ஏறின. அரிசிக்கும் துணிக்கும் பட்ட கடன் அதன்மேல் வளர்ந்தது. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இத்தொகையைச் செலுத்துவோர்க்கு இவ்வாட்களை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. அதனை ஏந்திக் கங்காணி தோட்டந்தோறும் திரிந்து, மிகுதியாக முன்பணம் தருவோரை நாடுவான். தோட்டம் மாறுந்தோறும் கடன் பெருகும். முன்பணத்தோடு தலைமறைவான கங்காணிகளும் உளர். தொழிலாளியோ தன் பெயருக்கு எதிரே எழுதிய தொகையைப் படிக்க அறியான். சொல்லாது நீங்கினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி சிறை காத்திருந்தது.

வாசகர்கள் இரு தாள்களையும் அருகருகே வைத்து நோக்குவார்களாக. அடகுச் சீட்டு ஏழையின் கையில் இருந்தது. துண்டு கங்காணியின் கையில் இருந்தது. சீட்டினால் உடையவன் தன் பொருளை மீட்டான். துண்டினாலோ ஒரு துரையிடம் இருந்தவனை மற்றொரு துரை மீட்டார். ஆங்கே அங்கி அடகாயிற்று. ஈங்கே அங்கி அணிய வேண்டிய ஆளே அடகானான். முன்னதில் நிகழ்ந்த மோசடி சில்லறை மோசடி. பின்னதில் முறையே மோசடியாய் இருந்தது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அப்பொழுது, பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுவர். பின்னர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவரே, தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அத்தொண்டின் அருமை ஈண்டு விளங்கும். கங்காணியின் கணக்கு ஏட்டில் இருந்தது. தொழிலாளியின் எதிர்க்கணக்கு பாட்டில் மட்டுமே இருந்தது.

இன்றும் பிள்ளைகளின் கல்விக்காகத் தாய்மார் காதணியை அடகு வைக்கின்றனர். அது இழிவன்று. ஆனால் அச்சீட்டில் எழுதிய எடை, வட்டி, தவணை ஆகிய மூன்றையும் அப்பிள்ளைகளே தாய்க்குப் படித்துக் காட்டல் வேண்டும். இலக்கணத்திற்கு முன்னரே யான் என் மாணாக்கர்க்குக் கற்பிக்க விழையும் முதற்பாடம் இதுவே.