உங்களுக்குத் தெரியுமா? ஒரு சீட்டில் ஐந்து தீவுகள்
ஹவாயின் ஹோனலுலுவிலிருந்து குவாம் தீவுக்கு வாரத்தில் சில நாட்கள் செல்லும் யுனைடெட் நிறுவனத்தின் விமானமொன்று, பசிபிக் மகாசமுத்திரத்தை ஒரே வீச்சில் கடந்துவிடாமல், மஜூரோ, குவாஜலீன், கோஸ்ரே, போன்பே, சூக் எனும் ஐந்து தீவுகளிலும் இறங்கி இறங்கிச் செல்கின்றது. பாசஞ்சர் ரயிலை ஆகாயத்தில் ஏற்றிவிட்டாற்போன்ற இச்சேவை, 1968-ஆம் ஆண்டு ஏர் மைக்ரோனேஷியா என்ற பெயரில் ஆரம்பமான ஒன்றின் தொடர்ச்சியாகும்.

நடுவழித் தீவுகளில் பழுது பார்ப்பது எளிதன்றாகையால், உதிரிச் சாமான்களோடு ஒரு மெக்கானிக்கும் உடன் பறக்கிறார். அமெரிக்க ராணுவத் தளமான குவாஜலீனிலோ, அனுமதி பெறாத பிரயாணி கீழே கால்வைக்கவும் இயலாது. சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுவதால், திங்கட்கிழமை காலை ஏறியவர் செவ்வாய் மாலை குவாமில் இறங்குவார்.

இவ்வளவு நீண்ட பிரயாணமும் ஒரே விமானமென்று கணக்கிடப்படுவதால், யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ் எனும் பிரயாணிகளுக்கான சலுகைத் திட்டத்தில் மைல்களைச் சேர்த்துவைத்திருப்போர் ஒரு சீட்டுக்குரிய மைல்களைக் கொடுத்தாலே போதும். ஆயினும், மைல்களுக்கான நிலையான விலைப்பட்டியலை அந்நிறுவனம் 2019-இல் தன் விமானங்களுக்கு ரத்து செய்துவிட்டபடியால், இன்று கண்ட விலை நாளை இருக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை. இது பிரயாணிக்கு நியாயமான ஏற்பாடென்று எமக்குத் தோன்றவில்லை. சீட்டுக்கான வரிகளையும் தனியே பணமாகக் கட்டவேண்டும்.