உலைக்கு முன் ஒப்புதல்

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் கிழக்கே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைச் சூறையாடிய ஆழிப்பேரலை, அதே நாளில் தமிழகத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்துள்ளும் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். பொறியியலார்க்கு அது பெருமை. உற்றாரைக் கடலுக்குக் கொடுத்த எம் கரையினர்க்கோ, அலை எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டவர் யார் என்னும் வினாவே முந்தி எழும். 2011 மார்ச் 11இல் யப்பானின் புகுசிமாவில் அக்கணக்குப் பிழைத்தது.

அங்கே நிலம் அதிர்ந்தவுடன் உலைகளில் அணுப்பிளவுத் தொடர்வினை நின்றுவிட்டது. எனினும் பிளவில் தோன்றிய கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பம் ஈன்றுகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கு எஞ்சும். 3000 மெகாவாட்டு வெப்பம் தரும் உலையில் அஃது ஏறத்தாழ 200 மெகாவாட்டு. அதை அகற்ற நீர் ஓடவேண்டும், நீரை ஓட்ட மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்துக்கான அவசர மின்னாக்கிகளைப் பேரலை மூழ்கடித்தது.

தமிழகத்தின் கூடங்குளம் அணுமின் நிலைய வடிவமைப்பில் இதற்கு விடை உண்டு. மின்சாரமே இல்லாதபோதும் எஞ்சிய வெப்பத்தைக் காற்றில் சேர்க்கும் ஏற்பாடு அங்குளது. ஆயினும் 2011இல் அந்நிலையத்தை எதிர்த்து அருகிலுள்ள இடிந்தகரையில் உண்ணாநோன்பு இருந்தோரின் வினா வேறு: எம்மைக் கேட்டது யார்? ஒப்பந்தம் சோவியத்து ஒன்றியத்துடன் 1988இல் முடிந்தது. கட்டுமானம் 2002இல் தொடங்கியது. அச்சம் தீரும்வரை பணியை நிறுத்துக என்று 2011 செப்டம்பரில் தீர்மானித்த தமிழக அமைச்சரவை, 2012 மார்ச்சில் பணியைத் தொடர இசைந்தது. ஆயிரக்கணக்கானோர் மீது அரசத் துரோக வழக்குகள் பாய்ந்தன. 2013 மே 6இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் வழிவிட, சூலையில் முதல் உலையில் தொடர்வினை தொடங்கிற்று.

ஆத்திரியா மக்களைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது, ஆனால் சுவெண்டெண்டோர்பில் உலையைக் கட்டி முடித்த பின்னர்! 1978 நவம்பர் 5இல் 50.47 விழுக்காட்டினர் மறுத்தனர். அவ்வுலை ஒருநாளும் இயங்கவில்லை. வீணானது பணம் மட்டுமே என்பதால் அதனை நல்ல தோல்வி என்பேன்.

இலங்கையில் இன்னும் அணுமின் நிலையம் இல்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குறுத்தும் பேரவையையும் தனித்தனியே நிறுவியது; 2022இல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் குழு நாட்டின் ஆயத்தநிலையை ஆராய்ந்தது. எம் மின்வலையோ சிறிது. 1000 மெகாவாட்டு உலை ஒன்று திடீரென நின்றால் அதிர்வெண் சரிந்து வலை முழுதும் விழலாம். 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்றார் அமைச்சர். நாடு நகைத்தது, வலையின் மெலிவோ நகைப்புக்குரியதன்று. ஆகவே சிறு உலைகளே இங்கு எண்ணத்தக்கவை.

கிழக்கில் மக்கள் எதிர்த்த சம்பூர் நிலக்கரி மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. கிழக்கின் குரலுக்கு வலிமை உண்டென அன்று தெரிந்தது. அக்குரல் தரவறிந்து எழவேண்டும். நில அதிர்வு, அலையுயரம், கழிவுக் காப்பு ஆகியவற்றின் ஆய்வறிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் இடத்தெரிவுக்கு முன்னரே வெளிவரல் வேண்டும். கரையோரம் ஓர் ஊர் குறிக்கப்படுமாயின், கடலை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையில் அத்தனை பேரும் எத்திசையில், எவ்வளவு நேரத்தில் வெளியேறுவர் என்பதற்கு அவ்வூர் மக்கள்முன் விடை சொல்லிய பின்னரே அடிக்கல் நடப்படலாம்.