திரும்பி வந்தவனின் பழைய கதை



செய்த பிழையை எண்ணி வருந்துவதற்குத் தமிழிலே பல சொற்கள் உள. கழிந்துபோனதற்கு இரங்குவதைக் கழிவிரக்கம் என்கிறோம். பச்சாத்தாபம் என்பது வடசொல். காரியம் முடிந்த பின்னர் உள்ளத்தில் எழும் வெம்மை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பிராயச்சித்தம் என்றால் பிழைக்கு ஈடாகச் செய்யும் செயல். விவிலியத்தைத் தமிழிலே தந்தவர்கள் மனந்திரும்புதல் என்ற சொல்லையும் நம்மிடையே நிலைபெறச் செய்தார்கள்.

யூதர்களின் எபிரேய மொழியிலே இதற்கு வழங்கும் சொல் 'தெஷூவா'. திரும்புதல் என்பதே அதன் வேர்ப்பொருள். கழிவிரக்கம் கொண்டவன் நின்ற இடத்திலேயே நின்று அழலாம். தெஷூவா செய்பவனோ, வழி தவறியவன் வீடு நோக்கித் திரும்புவதுபோல, எழுந்து நடக்க வேண்டும். அந்தத் திரும்புதலின் வலிமை பற்றியும், அதை மற்றவர்களாகிய நாம் எவ்வளவு எளிதில் கெடுத்துவிடுகிறோம் என்பது பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

யூதர்களின் ஆண்டிலே மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாளாகிய அது, நமது செப்டெம்பர், ஒக்டோபர் காலத்தில் வரும். அன்று முழுநாளும் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருந்து இறைவனிடம் மன்னிப்பு வேண்டுவார்கள். ஆனால் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்ற சட்டத் தொகுப்பு இங்கே ஒரு நிபந்தனை விதிக்கிறது. இறைவனுக்கு இழைத்த பிழையை அந்த நாள் நீக்கும். அயலவனுக்கு இழைத்த பிழையை, அந்த அயலவனைப் போய்ச் சமாதானப்படுத்தும் வரையில் அந்த நாளும் நீக்காது. பிழை செய்துவிட்டுப் பின்னர் வருந்திக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுபவனுக்கும் அங்கே வழியில்லை.

எகிப்திலே வாழ்ந்து 1204இல் மறைந்த மைமோனிடிஸ் என்ற பேரறிஞர் தமது 'மிஷ்னே தோரா' என்னும் நூலில் தெஷூவாவுக்கெனப் பத்து அத்தியாயங்களை ஒதுக்கினார். உண்மையான மனந்திரும்புதலுக்கு அவர் கூறும் அடையாளம் தெளிவானது. முன்பு பிழை செய்த அதே சந்தர்ப்பம் மீண்டும் வாய்க்கிறது. செய்வதற்கு வலுவும் இருக்கிறது. ஆயினும் அச்சத்தினாலோ இயலாமையினாலோ அன்றி, மனம் மாறியதனாலேயே ஒருவன் விலகி நிற்கிறான். அதுவே நிறைவான தெஷூவா. பாதிக்கப்பட்டவன் மன்னிக்க மறுத்தால், மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு மறுபடியும் போக வேண்டும். மூன்று முறை வரை கேட்க வேண்டும். அதற்குப் பின்னரும் மறுப்பவனே பிழைகாரன் ஆகிறான் என்கிறார் அவர்.

இவ்வளவு கடினமான பாதை என்பதால், திரும்பி வருபவனுக்குத் தடை வைக்கக்கூடாது என்பதிலும் யூத ஞானிகள் கவனமாக இருந்தார்கள். ஒருவன் திருடிய மரத்தை உத்தரமாக வைத்து மாளிகை கட்டிவிட்டான். பிறகு மனந்திருந்தினான். என்ன செய்வது? மாளிகையை இடித்து மரத்தைக் கொடுக்க வேண்டும் என்றது ஷம்மாயின் மரபு. மரத்தின் விலையைக் கொடுத்தால் போதும் என்றது ஹில்லேலின் மரபு. வீட்டையே இடிக்கச் சொன்னால் எவன்தான் திருந்த வருவான்? ஹில்லேல் மரபின் கருத்தே நிலைத்தது.

திரும்பி வந்தவனுக்கு அவர்கள் கொடுத்த ஆசனமும் உயர்ந்தது. மனந்திரும்பியவர்கள் நிற்கும் இடத்திலே, ஒருபோதும் பிழைசெய்யாத நீதிமான்களும் நிற்க முடியாது என்பது ரபி அபாஹுவின் கருத்து. அச்சத்தினால் மனந்திரும்பினால் வேண்டுமென்று செய்த குற்றங்கள் அறியாமற் செய்தவை போல ஆகிவிடும். அன்பினால் மனந்திரும்பினால் அந்தக் குற்றங்களே புண்ணியங்களாக மாறிவிடும் என்று சொன்னவர் ரேஷ் லாகிஷ்.

யார் இந்த ரேஷ் லாகிஷ்? கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலே வாழ்ந்தவர். அவர் முன்னாளில் ஒரு கொள்ளையராக இருந்தவர் என்று தல்மூத் கூறுகிறது. யோர்தான் நதியிலே நீராடிக்கொண்டிருந்த ரபி யோகனானைக் கண்டு அவர் நீரிலே பாய்ந்தார். அந்த வலிமை கல்விக்கு ஆகட்டும் என்றார் ரபி. அவரைத் தம் வழிக்கு அழைத்து, தங்கையையும் மணம் முடித்துக் கொடுத்து, பேரறிஞராக ஆக்கினார். இருவரும் இணைபிரியாத வாதத் தோழர்கள் ஆனார்கள்.

ஒருநாள் கல்விக்கூடத்திலே ஒரு விவாதம். கத்தி, வாள், ஈட்டி முதலியன எந்த நிலையில் முற்றுப்பெற்ற பொருளாகின்றன? உலையிலே பதப்படுத்தியதும் என்றார் யோகனான். நீரிலே தோய்த்துத் துலக்கியதும் என்றார் ரேஷ் லாகிஷ். அப்பொழுது யோகனானின் வாயிலிருந்து, கள்வனுக்குத் தன் தொழில் தெரியாமலா போகும் என்ற கருத்தில் ஒரு சொல் வந்துவிட்டது.

அத்தனை ஆண்டுக் கல்வியும் தவமும் ஒரே வசனத்தில் பின்னே தள்ளப்பட்டன. ரேஷ் லாகிஷ் கசந்து மறுமொழி சொன்னார், மனத்தாங்கல் முற்றியது. அவர் நோயில் விழுந்தார். தங்கை வந்து அழுதும் யோகனான் இறங்கி வரவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்தார். பின்னர் யோகனானுக்கு வேறொரு கற்றவரைத் துணையாக அனுப்பினார்கள். அவர் எதற்கும் ஆமாம் என்றார். லாகிஷின் மகன் இருபத்து நான்கு தடை எழுப்புவானே, அதனால் அல்லவா பொருள் தெளிந்தது என்று ஏங்கிய யோகனான், ஆடையைக் கிழித்துக்கொண்டு அவனைத் தேடி அழுது, சித்தம் கலங்கி மாண்டார்.

மனந்திரும்பியவனிடம் அவனது முந்தைய செயல்களை நினைவூட்டாதே என்ற விதி மிஷ்னாவிலேயே இருக்கிறது. விற்றல் வாங்கலில் வஞ்சனை உண்டு, சொல்லிலும் அவ்வாறே வஞ்சனை உண்டு என்று கூறும் இடத்திலே அது வருகிறது. விதியை அறிந்த பேராசானே அதை மீறினார் என்பதை மறைக்காமல் எழுதிவைத்தார்கள் பாருங்கள். அதற்காகவே அந்த ஏட்டை வணங்கத் தோன்றுகிறது.

நேயர்களே, இந்தக் கதை என்னை உறங்கவிடாததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவனின் பணத்தை எடுத்து அகப்பட்டான். அழுதான், திருப்பிக் கொடுத்தான், மன்னித்தேன். அதன் பின்னர் அவன் மீது ஒரு சொல் எழவில்லை. மறுவருடம் தமிழ் விழாவுக்கெனச் சேர்த்த பணம் காணாமற்போயிற்று. நான் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் என் கண்கள் நேரே அவனிடம் சென்றன. வகுப்பே என் பார்வையைப் பின்தொடர்ந்தது. அவன் தலை குனிந்தான்.

அன்று மாலையே பணம் வரவுப் பதிவேட்டின் தாள்களுக்கிடையில் கிடைத்தது. வைத்தவன் நானே. பணம் கிடைத்துவிட்டது என்று மறுநாள் வகுப்புக்குச் சொன்னேன். அவனிடம் தனியே எதுவும் சொல்லவில்லை. வாய்திறந்து பழிக்காதபோது மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

யோகனானுக்கு ஒரு வசனம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பார்வையே போதுமாயிருந்தது. அவன் திரும்பி வந்திருந்தான். நான்தான் அவனை மறுபடியும் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மைமோனிடிஸின் கணக்கின்படி கோயிலில் விழுந்து கும்பிட்டாலும் இந்தக் கடன் தீராது. அவன் இப்பொழுது வேலை பார்க்கும் ஊர் எனக்குத் தெரியும். வரும் விடுமுறையில் பஸ் ஏறிப் போக இருக்கிறேன். என்னைக் கண்டதும் "சேர்" என்று எழுந்து நிற்பான். அதை மன்னிப்பென்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. வாய்திறந்து கேட்க வேண்டும்.