வெள்ளைப் பொடி சிவந்தால்

டீ ஆறுவதற்குள் ஒரு கேள்வியைப் பார்த்துவிடுவோம். அணு உலையைக் குளிர்விக்கும் நீர் எங்காவது கசிந்தால் எப்படித் தெரியும்? சொட்டுவதைப் பார்த்தால் தெரியாதா என்று தோன்றும். ஆனால் அழுத்த நீர் உலையில் ஓடும் நீர் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கும். அதன் அழுத்தமோ வெளிக்காற்றைப்போல ஏறக்குறைய 150 மடங்கு. மயிரிழை விரிசல் வழியே வெளியே வந்ததும் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

அதனால் முதலில் கணக்குப் பார்ப்பார்கள். அமைப்பில் எவ்வளவு நீர் இருந்தது, எவ்வளவு சேர்த்தோம், இப்போது எவ்வளவு இருக்கிறது? சூட்டால் நீர் விரிவதையும் சுருங்குவதையும் கழித்த பிறகும் குறைந்தால், எங்கோ போகிறது என்று பொருள். அடித்தளக் குழியில் நீர் சேர்கிறதா, காற்றில் ஈரமும் கதிரியக்கத் துகள்களும் கூடுகின்றனவா என்று கருவிகளும் பார்த்துக்கொண்டே இருக்கும். கசிவு இருக்கிறது என்பதை இவை சொல்லிவிடும். எந்த இடத்தில் என்பதை அறிய, உலையை நிறுத்திய பிறகு ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

அங்கே துணைக்கு வருவது போரிக் அமிலம். அணுப்பிளவைக் கட்டுக்குள் வைக்க, நியூட்ரான்களை விழுங்கும் போரானை இந்த அமிலமாக நீரில் கரைத்திருப்பார்கள். உப்பு ஜாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் வெளிப்புறத்தில் உப்புப் பூக்குமே, அதுபோல நீர் ஆவியான இடத்தில் அமிலம் வெள்ளையாகப் படியும். வெள்ளை படிந்திருந்தால் கசிவு. அது செம்பழுப்பாக மாறியிருந்தால், பக்கத்திலுள்ள எஃகை அமிலம் அரித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி உலையில் இத்தனை தடயங்களும் கிடைத்தன. 1999 முதல் கதிரியக்கக் கண்காணிப்புக் கருவியின் வடிகட்டிகளைத் துரு அடைத்தது. அவற்றை அடிக்கடி மாற்றினார்கள். காற்றுக் குளிர்விப்பான்களில் அமிலப் பொடி அப்பியது, கழுவினார்கள். 2000 ஏப்ரலில் எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தியபோது, உலைக்கலத்தின் மூடியிலிருந்து செந்நிறப் படிவு வழிந்திருந்தது. மேலே உள்ள இணைப்புகளின் கசிவு என்று கருதி, படிவை முழுவதுமாக அகற்றாமலே உலையை மீண்டும் ஓட்டினார்கள்.

2001இல் தெற்குக் கரோலினாவின் ஒகோனி நிலையத்தில், கட்டுப்பாட்டுத் தண்டுகள் மூடிக்குள் நுழையும் குழாய்களில் விரிசல்கள் தெரிந்தன. அதே விரிசலுக்கு அதிக வாய்ப்புள்ள உலைகளையெல்லாம் அந்த ஆண்டு முடிவதற்குள் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விரும்பியது. டேவிஸ்-பெஸ்ஸி நிர்வாகம் வாதாடி 2002 பிப்ரவரி 16 வரை அவகாசம் பெற்றது. மார்ச்சில், மூன்றாம் எண் குழாயைச் சரிசெய்யும்போது அது சாய்ந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய எஃகு அங்கே இல்லை. சுமார் 17 சென்டிமீட்டர் கனமுள்ள மூடியை அமிலம் குடைந்து தின்றிருந்தது. அத்தனை அழுத்தத்தையும் தாங்கி நின்றது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகு உட்பூச்சு. அது துரு தடுக்கப் பூசியது. அழுத்தம் தாங்கச் செய்ததன்று.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கிருந்து என்று தெரியாத கசிவு நிமிடத்துக்கு 1 கேலன், அதாவது 3.8 லிட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. அங்கே கசிந்தது அந்த எல்லைக்கு வெகுவாகக் கீழே. ஆனால் அதே விதி, உலைக்கலத்தின் உடலிலிருந்து ஒரு சொட்டும் கசியக் கூடாது என்கிறது. நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இந்த இரண்டில் எந்த விதி பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

உலை மீண்டும் ஓட இரண்டு ஆண்டுகள் ஆயின. 2003இல், மூடியின் வெற்று எஃகைக் கண்ணால் பார்த்தும் குழாய்களைக் கருவிகளால் ஆராய்ந்தும் சோதிக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. வடிகட்டியை மாற்றியவர், குளிர்விப்பானைக் கழுவியவர், மூடியைப் பார்த்தவர் ஆகியோரின் குறிப்புகள் ஒரே மேசைக்கு வந்திருந்தால் 2000இலேயே உண்மை வெளிப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். பொடியைத் துடைப்பதற்கு முன் அது வந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். உலையை ஓட்டும் அவசரத்தில் அதற்கான நேரத்தைச் சோதனையாளரிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது.